எடை எவ்வளவு? எத்தனை வாரம்?

பிரசவ வார்டு வாசலில் நம் ஊரில் கேட்பது இரண்டே கேள்விதான். "என்ன குழந்தை?" அடுத்தது, "எடை எவ்வளவு?" மூன்று கிலோ என்றால் கேட்டவர் முகம் மலரும். ஒன்றே முக்கால் என்றால் குரல் தாழ்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் யாராவது "அதெல்லாம் தேறிடும்" என்பார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குறைப்பிரசவம் என்று தெரிந்தால் மட்டும் மாதக் கணக்கு வரும். அப்போது ஒரு பெரியம்மா இருப்பார். "ஏழாம் மாசம்னா பொழைச்சுக்கும்டா, எட்டாம் மாசம்தான் தங்காது" என்பார். இதை நம் பாட்டிகள் மட்டும் சொல்லவில்லை. பண்டைக் கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு. அதிலும் இதே பயம்தான். உண்மையில் வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். ஏழைவிட எட்டு எப்போதும் மேல்.

எடை, வாரம் என்ற இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சென்னையில் மெடிக்கல் கோடராக இருக்கிறேன். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, நர்சிங், பிசியோதெரபி என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். "என்னப்பா வேலை?" என்று கேட்ட மாமாவிடம், "டாக்டர் எழுதுறத நம்பரா மாத்துறேன் மாமா" என்றேன். "அதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்றார். அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. ஒரு குறைமாதக் குழந்தையின் சார்ட்டைக் காட்டியிருந்தால் புரிந்திருக்கும். ஆனால் காட்ட முடியாது. நோயாளியின் தகவலை வெளியில் பேசக்கூடாது என்று 1996-ல் வந்த ஹிப்பா சட்டம் அங்கே இருக்கிறது. இங்கே எங்கள் தளத்துக்குள் செல்போனைக்கூட எடுத்துப் போக முடியாது. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் குழந்தைகள் யாரும் தனி ஒருவர் அல்ல. பல சார்ட்டுகளின் சாயலை வைத்து நான் சேர்த்துக் கட்டியவர்கள்.

ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது 930 கிராம். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிலோ தக்காளிக்குக் கொஞ்சம் குறைவு. கர்ப்பகாலம் 27 வாரம் 5 நாள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் நோய்க்குறியீட்டுப் பட்டியலில், பிறப்பையொட்டிய காலத்துக்குரிய நோய்களெல்லாம் 'பி' எழுத்தில் தொடங்குகின்றன. குறைமாதத்துக்கும் குறைந்த எடைக்கும் பி07. அதற்குள் எடைக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு வரிசை. 750 முதல் 999 கிராம் வரை பி07.03. 27 வாரம் முடிந்த குழந்தைக்கு பி07.26. இரண்டும் சார்ட்டில் இருந்தால் இரண்டையும் போட வேண்டும். எடை முதலில், வாரம் பிறகு. வரிசையை மாற்றினால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

அந்த 5 நாள் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். கணக்கில் வராது. முடிந்த வாரம் மட்டும்தான் எண்ணிக்கை. 27 வாரம் 6 நாளும் 27தான். மறுநாள் பிறந்திருந்தால் 28, கோடு பி07.31. பார்க்க எண்தான் மாறுகிறது. ஆனால் அந்த ஒரு நாளில் குழந்தை ஒரு வேலியைத் தாண்டிவிடுகிறது. 28 வாரம் முடியாதவர்களை 'மிகை முதிர்ச்சியின்மை' என்று தனிப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். 28 முதல் 36 வரை வெறும் 'குறைமாதம்'. நள்ளிரவு 11.50-க்குப் பிறந்தவளும் 12.10-க்குப் பிறந்தவளும் பக்கத்துப் பக்கத்து இன்குபேட்டர் பெட்டியில் ஒரே மாதிரி படுத்திருந்தாலும், புத்தகத்தில் வேறு வேறு தலைப்பின்கீழ் இருப்பார்கள். எங்காவது கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும் என்பார்கள். கிழிக்கத்தான் வேண்டும், ஆனால் அது மனிதர் கிழித்த கோடு என்பதைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் மறக்காமல் சொல்வேன்.

வாரக் கணக்கே ஒரு வேடிக்கை. "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்று அம்மாக்கள் சொல்வதைக் கேட்டு, ஒன்பது மாதம்தானே என்று இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் திருத்துவதுண்டு. திருத்த வேண்டாம். 28 நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280 நாள். அதாவது 40 வாரம். மருத்துவர்கள் போடும் கணக்கும் அதுவேதான். அந்த 40 வாரமும் கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் வயிற்றில் குழந்தையே கிடையாது. 27 வாரக் குழந்தைக்கு உண்மையான வயது சுமார் 25 வாரம்.

எடையையும் வாரத்தையும் ஏன் பிரித்து வைத்தார்கள்? மருத்துவமே வெகுகாலம் இவற்றைக் குழப்பிக்கொண்டிருந்தது. பின்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்பே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பணியாற்றியபோது, குறைமாதக் குழந்தை என்பதற்கு 2,500 கிராம் என்ற எல்லையைப் பயன்படுத்தினார். தாய்க்குத் தேதி நினைவில்லாமல் இருக்கலாம். தராசு பொய் சொல்லாது. கைக்கு எளிதாக இருந்ததால் அந்த எண் நிலைத்துவிட்டது. 1935-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதை ஏற்றது. பிறகு உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் என்றால் குறைமாதம், அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நாற்பது வாரமும் நிறைந்து, தாய்க்குச் சரியான போஷாக்கு இல்லாததால் 2,200 கிராமில் பிறந்த குழந்தை குறைமாதமாகிவிடும். சர்க்கரை நோயுள்ள தாய்க்கு 35 வாரத்திலேயே மூன்று கிலோவில் பிறந்த குழந்தை நிறைமாதமாகிவிடும். முதல் குழந்தையின் நுரையீரல் முழுதாகத் தயாராகியிருக்கும். இரண்டாவதன் நுரையீரல் தயாராகியிருக்காது. மூச்சுத் திணறப் போவது கொழுகொழுவென்று இருக்கும் இரண்டாவது குழந்தைதான். 1961-ல் உலக சுகாதார நிறுவனம் 2,500 கிராம் கணக்குக்குக் 'குறைந்த பிறப்பு எடை' என்று பெயரை மாற்றி, குறைமாதம் என்ற சொல்லை வாரத்துக்கு விட்டுக்கொடுத்தது. 1963-ல் டென்வரில் லூலா லுப்செங்கோ என்ற பெண் மருத்துவர், எந்த வாரத்தில் பிறக்கும் குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று வளைகோட்டு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதை வைத்துத்தான் 'இந்த வாரத்துக்கு இது சிறிது', 'இந்த வாரத்துக்கு இது பெரிது' என்று பேசவே முடிந்தது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊர். மேட்டுநிலத்தில் பிறக்கும் குழந்தைகள் எடையில் கொஞ்சம் குறைவாகவே இருப்பார்கள். அந்த வரைபடத்தை உலகமெல்லாம் அப்படியே பயன்படுத்தியது வேறு கதை.

இந்த வரலாறு முழுவதும் என் திரையில் ஒரு தடைக்குறிப்பாக இருக்கிறது. வாரத்துக்குரிய வளர்ச்சி இல்லை என்று மருத்துவர் எழுதினால் பி05 வரிசை. அதைப் போட்டால் பி07-இன் எடைக் கோட்டைப் போடக்கூடாது. வாரக் கோடு மட்டும் கூடச் சேரலாம். அதாவது "ஏன் சிறிது?" என்று புத்தகம் கேட்கிறது. சீக்கிரம் வந்ததால் சிறிதா, வளராததால் சிறிதா? மருத்துவர் இதற்குப் பதில் எழுதாமல் விட்டால், எனக்கு வரைபடம் பார்க்கத் தெரிந்திருந்தாலும் நானாக பி05 போட முடியாது. சார்ட்டில் 34 வாரம், 1,400 கிராம் என்று கண்ணெதிரே இருக்கும். எனக்கும் தெரியும், என் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கும் தெரியும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எழுதாதது நடக்காதது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது இதுதான்.

நான் சேர்ந்த புதிதில் வாங்கிய அடியைச் சொல்கிறேன். 1,180 கிராமில் பிறந்த ஒரு குழந்தை, ஏறக்குறைய இரண்டரை மாதம் பெட்டியில் இருந்துவிட்டு 2,300 கிராமில் வீட்டுக்குப் போனது. நான் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திறந்தேன். 'எடை' என்று இருந்தது. 2,300 என்று இருந்தது. பி07.18 என்று போட்டேன். 2,000 முதல் 2,499 கிராம் வரைக்குமான கோடு அது. ஆடிட்டர் அக்கா என்னைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் கேட்டார்: "தம்பி, இந்தப் பாப்பா பொறந்தப்பவா, வீட்டுக்குப் போறப்பவா?" எனக்கு ஒரு நிமிடம் கேள்வியே புரியவில்லை. பி07 என்பது பிறந்த கணத்தின் எடை. அது எப்போதும் மாறாது. குழந்தை வளர்ந்துகொண்டே போகும். நான் வளர்ந்த குழந்தையைப் பிறக்க வைத்துவிட்டேன். இரண்டரை மாதம் நர்சுகள் மூக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பாலூட்டி ஏற்றிய 1,120 கிராம், என் ஒரு விசைத்தட்டலில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த மாதம் என் குவாலிட்டி 95 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான விதியும் உண்டு; அதனால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மருத்துவரின் அன்றாடக் கவனிப்புக்குக் கட்டணம் கேட்கும் கோடுகள் வேறு புத்தகத்தில் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிடும் சிபிடி புத்தகம். உயிருக்கு உடனடி ஆபத்து நீங்கி, தீவிரக் கண்காணிப்பு மட்டும் தேவைப்படும் குழந்தைக்கு, 1,500 கிராமுக்குக் கீழே இருக்கும் நாள்களில் 99478. 1,500 முதல் 2,500 வரை 99479. 2,501 முதல் 5,000 வரை 99480. இங்கே பார்க்க வேண்டியது அன்றைய எடை. பிறந்த எடையைப் போட்டால் தவறு. ஒரே தராசு, ஒரே குழந்தை. ஒரு புத்தகம் முதல் நாளோடு நின்றுவிடுகிறது, இன்னொரு புத்தகம் தினமும் காலையில் தராசைப் பார்க்கிறது. பிறந்த சில நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் நீர் வற்றி எடை குறையும். பிறகு மெல்ல ஏறும். 1,485, 1,470, 1,492, 1,505. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் நான் கோட்டை மாற்றுகிறேன். அங்கே அந்தக் காலையில் அந்தத் தாய் யாருக்கோ போன் செய்து "ஒண்ணரைக் கிலோவைத் தாண்டிட்டா" என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். இது சார்ட்டில் இருக்காது.

குறைமாதக் குழந்தை சார்ட்டில் மிகவும் தகராறு பிடித்த இடம் மூச்சு. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் ஈரம் உண்டு. ஈரமான இரண்டு பாலித்தீன் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போல, மூச்சை விடும்போதெல்லாம் இந்தப் பைகளும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். குழந்தையின் நுரையீரல் இதைப் போதுமான அளவு சுரப்பது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். அதற்கு முன்னே பிறந்தால் ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுதான். ஊதாத புது பலூனை ஊதுவதைப் போல ஒவ்வொரு முறையும் பாடுபட வேண்டும். நெஞ்செலும்புக்குக் கீழே குழி விழும், மூக்கு விடைக்கும், முனகல் சத்தம் வரும். இந்தக் குறைபாடுதான் காரணம் என்று 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் காட்டினார்கள்.

நான்கு ஆண்டு கழித்து உலகமே இந்த நோயின் பெயரைத் தெரிந்துகொண்டது. 1963 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக். சுமார் ஐந்தரை வாரம் முன்கூட்டியே, சிசேரியனில், 2.1 கிலோ. இன்றைக்கு நம் ஊரில் அந்த எடையைச் சொன்னால் பெரிதாகப் பயப்பட மாட்டார்கள். 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபரின் பிள்ளைக்கும் கொடுக்க மருந்து இல்லை. செயற்கை சர்ஃபாக்டன்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1990-ல்தான். புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் பேட்ரிக் ஒன்று. யாருடைய ரகசியமும் உடையாது. எல்லாம் செய்தித்தாளில் வந்தவை. பிள்ளைகள் எழுதுவார்கள்: பி07.18, பி07.37, பி22.0. எடை, வாரம், நோய். ஒரு பெண் ஒருமுறை எழுதி முடித்துவிட்டு, "அண்ணா, இவ்ளோதானா?" என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

அந்த பி22.0-வைப் பெறுவதுதான் பாடு. சுவாசத் திணறல் நோய்க்குறித்தொகுதி, அதாவது ஆர்டிஎஸ் என்று மருத்துவர் எழுதினால் பி22.0. வெறுமனே 'சுவாசத் திணறல்' என்று எழுதினால் பி22.9, அதாவது இன்னதென்று குறிப்பிடாதது. நுரையீரலில் தேங்கிய நீர் மெதுவாக வடிவதால் இரண்டு மூன்று நாள் வேகமாக மூச்சு வாங்கும் குழந்தைக்கு பி22.1. அவசரத்தில் 'சிண்ட்ரோம்' என்ற ஒரே ஒரு சொல் விட்டுப்போகும். நள்ளிரவில் ஒரு கிலோகூட இல்லாத உயிருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்திய மருத்துவருக்கு அந்தச் சொல் பெரிதாகத் தோன்றாது. சார்ட்டில் எல்லாச் சாட்சியும் இருக்கும். 27 வாரம், எக்ஸ்ரேயில் நுரையீரல் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கல், குழாய் வழியாக சர்ஃபாக்டன்ட் கொடுத்த நேரம், அளவு, கொடுத்தவரின் கையொப்பம். தலைப்பில் மட்டும் 'சுவாசத் திணறல்'.

இதைப் பார்த்து நான் ஆர்டிஎஸ் போட்டால் அது நோயறிதல், கோடிங் அல்ல. என் வேலை மருத்துவரிடம் கேட்பது. எங்கள் மொழியில் குவெரி போடுவது. குவெரியிலும் ஒரு நயம் உண்டு. "சர்ஃபாக்டன்ட் கொடுத்திருக்கிறீர்களே, ஆர்டிஎஸ் என்று எழுதலாமா?" என்று கேட்கக்கூடாது. அது பதிலை வாயில் வைத்து ஊட்டுவது. எக்ஸ்ரேயில் இது இருக்கிறது, இந்த நேரத்தில் இந்த மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது, இந்த மூச்சுத் திணறலுக்கான நோயறிதலைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டுவிட்டு, ஆர்டிஎஸ், பிறந்தவுடன் வரும் தற்காலிக வேக மூச்சு, வேறு ஏதேனும், தீர்மானிக்க இயலவில்லை என்று வாய்ப்புகளை வரிசையாகக் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைவிட இதற்குக் கட்டுப்பாடு அதிகம் என்பது என் எண்ணம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? பணம். நோயறிதல் கோடுகளைச் சேர்த்துப் பார்த்து, ஒரு முழு அட்மிஷனுக்கும் டிஆர்ஜி என்ற ஒரே குழு எண் விழும். அந்தக் குழுவுக்கு இன்ன தொகை என்று கணக்கு. முதியோருக்கான மெடிகேர் திட்டம் வகுத்த பட்டியலிலேயே பச்சிளங்குழந்தைகளுக்கு 789 முதல் 795 வரை ஏழு குழுக்கள் இருப்பது ஒரு விநோதம். 790 என்பது மிகை முதிர்ச்சியின்மை அல்லது ஆர்டிஎஸ். 791 பெரிய சிக்கலுள்ள குறைமாதம். 792 அப்படிச் சிக்கல் இல்லாத குறைமாதம். 795 நல்லபடியாகப் பிறந்த குழந்தை. ஆர்டிஎஸ் என்ற சொல் விட்டுப்போனால், 31 வாரக் குழந்தை 790-இலிருந்து கீழே இறங்கிவிடும். வெண்டிலேட்டர் ஓடியது ஓடியதுதான். செலவான பணம் மருத்துவமனைக்கு வராது. இல்லாத ஆர்டிஎஸ்ஸைச் சேர்த்தால் அது மோசடி. அமெரிக்காவில் அதற்கு உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-ல், ராணுவத்துக்குக் கெட்டுப்போன சரக்கு விற்ற காண்டிராக்டர்களைப் பிடிக்கக் கொண்டுவந்த பொய்க் கோரிக்கைச் சட்டமே இன்றும் பாய்கிறது.

பணம் மட்டுமே இதன் பயன் என்று நினைத்துவிட வேண்டாம். 1940-களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் பலருக்குக் கண் பார்வை போயிற்று. பாஸ்டனில் தியடோர் டெர்ரி 1942-ல் முதலில் இதை விவரித்தார். வசதியான, நவீன மருத்துவமனைகளில்தான் இது அதிகம் இருந்தது. அதுதான் துப்பு. காற்றுப் புகாத புதிய இன்குபேட்டர்களில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். அது வளரும் விழித்திரை ரத்தக்குழாய்களைக் கெடுத்தது. 1951-ல் ஆஸ்திரேலியாவில் கேட் கேம்பல் என்ற மருத்துவர், ஆக்சிஜன் தாராளமாகக் கொடுத்த இடத்தையும் அளவாகக் கொடுத்த இடத்தையும் ஒப்பிட்டுச் சந்தேகத்தைச் சொன்னார். 1953, 54-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதி செய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு ஆக்சிஜன், எத்தனை நாள் என்று யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் இவ்வளவாவது தெரிந்தது. இன்று ஆர்ஓபி என்று அழைக்கப்படும் அந்த நோயின் கோடு எந்தக் கண், எந்த நிலை என்று கேட்கும். எச்35.133 என்றால் இரண்டாம் நிலை, இரண்டு கண்ணும். கண் மருத்துவர் 'ஆர்ஓபி இருக்கிறது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் குவெரிதான்.

வாரமே சந்தேகமாக இருக்கும் சார்ட்டுகளும் வரும். தாய்க்குத் தேதி நினைவில்லை. ஆரம்பத்தில் ஸ்கேன் எடுக்கவில்லை. அப்போது குழந்தையின் உடம்பே நாள்காட்டி. ஜீன் பாலார்ட் 1979-ல் வகுத்த முறைப்படி, உள்ளங்கால் ரேகை எவ்வளவு ஓடியிருக்கிறது, காது மடலை மடித்தால் எவ்வளவு விரைவாக நிமிர்கிறது, தோல் எவ்வளவு மெல்லியது, கையை மார்புக்குக் குறுக்கே இழுத்தால் முழங்கை எதுவரை போகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பிரசவம் பார்த்தவர் 33 வாரம் என்பார், குழந்தை மருத்துவர் பாலார்ட் கணக்கில் 35 என்பார். எனக்கு எது நம்பகமானது என்று தோன்றுகிறது என்பது பொருட்டே இல்லை. குழந்தைக்குப் பொறுப்பான மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தாயும் பிள்ளையும் இங்கே வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடியறுத்த நொடியில் ஃபைல் இரண்டாகிவிடும். தாயின் கோடுகள் 'ஓ' எழுத்தில், பிள்ளையின் கோடுகள் 'பி' எழுத்தில். ஒன்றின் எழுத்து மற்றதன் சார்ட்டில் வரவே கூடாது. உயிருடன் பிறந்ததற்கான இசட்38, பிறந்த மருத்துவமனையில் ஒரே ஒருமுறைதான். பிறந்த சில மணி நேரத்தில் ஹெலிகாப்டரில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அங்கே அந்தக் குழந்தைக்கு இசட்38 கிடையாது. ஒருவர் ஒருமுறைதான் பிறக்க முடியும். இரட்டையர் என்றால் ஏ, பி என்று எழுதியிருப்பார்கள். ஏ-யின் எடை பி-யின் குறிப்பில் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. நேற்றைய குறிப்பை நகலெடுத்து இன்று ஒட்டும் பழக்கத்தால், நாற்பதாவது நாளிலும் 'ஒரு நாள் வயதான குழந்தை' என்று வாசித்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஆடிட்டில் வந்தால் வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் 37 வாரம் முடியாமல் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். இவர்களில் பிழைத்து வளர்ந்தவர்களுக்கு பி07 பின்னாலேயே வருகிறது. மற்ற 'பி' கோடுகளில் பலவற்றைக் குழந்தைப் பருவத்தோடு விட்டுவிடுவோம். குறைமாதத்தில் பிறந்தது இன்றைய உடல்நிலையைப் பாதிக்கிறது என்றால், வளர்ந்த ஆளுக்கும் பி07 போடலாம் என்று விதியே இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் வயதுடைய ஒருவரின் சார்ட் என்னிடம் வந்தது. விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நுரையீரல் மருத்துவரைப் பார்க்க வந்திருக்கிறார். குறைமாதத்தில் பிறந்து வெண்டிலேட்டரில் கிடந்த நுரையீரலில் தங்கிவிட்ட தழும்புதான் காரணம் என்று மருத்துவர் எழுதி, பக்கத்திலேயே 'எக்ஸ் 26 வீக்கர்' என்று சேர்த்திருந்தார். இருபத்தாறு வாரத்தில் பிறந்தவர் என்று அர்த்தம். மருத்துவமனைகளில் அப்படித்தான் பேசுவார்கள். படித்த பட்டம் மாதிரி அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

பி27.1 போட்டேன். வாரத்துக்கு பி07.25 போட்டேன். எடைக்காகப் பழைய குறிப்புகளையெல்லாம் ஒரு முறை மேலும் கீழும் தேடினேன். எங்கும் இல்லை. வாரம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டு அடுத்த சார்ட்டைத் திறந்தேன்.